உப்புக் காற்றில் ஒரு சாவி
கைக்குள் அடங்கும் சொத்தைக் காப்பது எப்படி? செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு யோசனை

வீட்டுப் பத்திரம் தொலைந்துவிட்டால் மனிதன் துடித்துப் போகிறான். ஆனாலும் அடியோடு நம்பிக்கை இழந்துவிடுவதில்லை. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கிறான். பத்திரிகையில் விளம்பரம் செய்கிறான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி நகல் வாங்குகிறான். பாங்கு பாஸ் புத்தகம் காணாமற் போனால் வேறொன்று தருகிறார்கள். லாக்கர் சாவி போனால், செலவை நம் தலையில் கட்டிவிட்டு, உடைத்துத் திறந்து கொடுக்கிறார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு ரிஜிஸ்தரில், 'இது இன்னாருடையது' என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்குகின்றன.

இப்போது ஒரு புதுவிதச் சொத்து வந்திருக்கிறது. இதற்குச் சார்பதிவாளர் கிடையாது. நகல் எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா கிடையாது. பூட்டை உடைத்துத் தரும் கொல்லனும் கிடையாது. சாவி போனால் சொத்தும் போயிற்று. பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்கள்தாம் அந்தச் சொத்து. சிறுசேரியிலும் மகிந்திரா சிட்டியிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அவர்களைப் பெற்றவர்களுக்குத்தான் இது இன்னும் கண்கட்டு வித்தையாக இருக்கிறது.

இதை வாங்கலாமா, கூடாதா என்பது வேறு விஷயம். விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கணக்கே இல்லை. இந்தியச் சட்டம் இதைச் செலாவணி நாணயமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் முதல் இதன் லாபத்துக்கு 30 சதவிகிதம் வருமான வரி விதித்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் அதை இழக்காமல் காப்பது எப்படி என்பதே இங்கே கேள்வி.

சென்னையில் ஒரு வழக்கு

நாணயங்களை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றை வாங்கிய கம்பெனியின் கணக்கிலேயே விட்டு வைக்கிறார்கள். அதில் என்ன ஆபத்து என்பதை 2024 ஜூலையில் நாடே பார்த்தது. வாசிர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் பெறுமான நாணயங்களைத் திருடர்கள் கம்பி வழியாகவே கொண்டு போய்விட்டார்கள். உடனே வாடிக்கையாளர் எல்லோருடைய கணக்குகளும் முடக்கப்பட்டன.

அவ்வாறு முடக்கப்பட்டவற்றில், 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் போட்டு வாங்கிய 3,532 சொச்சம் எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களும் இருந்தன. திருட்டுப் போனவை வேறு ஜாதி நாணயங்கள். இவற்றைத் திருடன் தொடவே இல்லை. அப்படியிருந்தும் சொந்தக்காரரால் அவற்றை எடுக்க முடியவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், கிரிப்டோ நாணயம் கையால் தொட முடியாததாயினும், சட்டப்படியான செலாவணி அல்லவாயினும், அது ஒரு சொத்துத்தான் என்று கூறினார்.

நீதிமன்றம் சொத்து என்று சொல்லிவிட்டது. ஆனால் சொத்தைப் பூட்டி வைக்கும் பொறுப்பு யாருடையது? பிறர் கையில் விடப் பயந்தவர்கள் தாங்களே பூட்டி வைத்துக்கொள்ள முன்வருகிறார்கள். அதற்கென்று வந்திருப்பதுதான் 'ஹார்டுவேர் வாலட்' என்னும் சிறு கருவி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சட்டைப் பையில் அடங்கிவிடும் சாதனம் இது. செக் நாட்டு டிரெசர், பிரான்ஸ் நாட்டு லெட்ஜர், சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ், கனடாவின் கோல்டுகார்டு என்று பல பெயர்களில் கிடைக்கிறது. நாணயம் இந்தப் பெட்டிக்குள் இருப்பதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. நாணயத்தின் கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பகிரங்கமாக எழுதப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை, அதாவது இரகசியச் சாவி மட்டுமே.

பெட்டி உடைந்துபோனால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பெட்டியை இயக்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கியவை அவை. 2013-ல் வகுத்த முறை இது. அந்தச் சொற்களை அதே வரிசையில் வேறொரு பெட்டியில் கொடுத்தால் சாவி மீண்டும் உயிர் பெற்றுவிடும். சொற்கள் கையில் இருக்கும்வரை பெட்டி போனாலும் பாதகமில்லை. சொற்கள் பிறர் கையில் சிக்கினால், பெட்டி பீரோவில் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

இந்தப் பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு முதலிய சில மொழிகளில் உண்டு. தமிழில் இல்லை. ஆகவே ஞாபகத்துக்குச் சௌகரியம் என்று அந்தச் சொற்களைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதி வைத்துக்கொள்வது விபரீதத்தில் முடியும். பின்னால் எந்தச் சொல்லுக்கு எது மூலம் என்று தெரியாமல் திண்டாட நேரும். காட்டியது எதுவோ அதை அப்படியே, எழுத்துப் பிசகாமல், வரிசை எண்ணோடு எழுத வேண்டும்.

சொற்களைக் கையால் எழுதுவதோடு நில்லாமல், சில பெட்டிகள் ஒரு மெமரி கார்டிலும் பிரதி எடுத்துக் கொடுக்கின்றன. கைவிரல் நகத்தளவு கார்டு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கார்டில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள்.

கசியும் பானைகள்

மெமரி கார்டு என்பது என்ன? கோடிக்கணக்கான மிக நுண்ணிய பானைகள் அதற்குள் வரிசை வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பானையில் நீருக்குப் பதிலாக மின்னணுக்கள். எழுதுவது என்றால் பானையை நிரப்புவது. படிப்பது என்றால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது.

மண்பானை கசியும் அல்லவா? இந்தப் பானைகளும் கசிகின்றன. மிக மிக மெதுவாகத்தான், ஆனாலும் கசிகின்றன. வெப்பம் ஏற ஏறக் கசிவும் வேகமாகும். அடிக்கடி எழுதி அழித்த கார்டில் பானைகளின் சுவர் நைந்து, கசிவு இன்னும் அதிகமாகும்.

பானைகளில் பல தரம் உண்டு. பள்ளிக்கூடத்து எஸ்.எஸ்.எல்.சி. எல்லோருக்கும் தெரியும், இங்கே ஓர் 'எஸ்' குறைவாக எஸ்.எல்.சி. என்று ஒரு ரகம் இருக்கிறது. அதில் பானை நிரம்பியிருக்கிறதா, காலியா என்ற ஒரே கேள்விதான். சிறிது கசிந்தாலும் பதில் மாறாது. எம்.எல்.சி. என்பதில் ஒரே பானையில் நான்கு அளவுகள். டி.எல்.சி.யில் எட்டு, கியூ.எல்.சி.யில் பதினாறு. படி, உழக்கு, ஆழாக்கு என்று பானையின் உள்ளே நெருக்கமாகக் கோடு போட்டதுபோல. இதில் கொஞ்சம் கசிந்தாலும் ஆறாவது கோடு ஐந்தாவது கோடாகிவிடும். சிறு பிழைகளைக் கார்டே திருத்திக்கொள்ளும். எல்லை மீறினால் அதனாலும் முடியாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கார்டுகள் பெரும்பாலும் நெருக்கக் கோடு போட்ட ரகந்தான்.

என்ன வாங்குவது?

சாவியின் பிரதிக்கு வேண்டிய இடம் மிகச் சொற்பம். சினிமாப் படம் ஏற்றுவதற்கு உதவும் 256 ஜி.பி., 512 ஜி.பி. கார்டெல்லாம் இங்கே வீண். சில பெட்டிகள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்கவே மறுக்கும். 4, 8, 16 ஜி.பி. கார்டு தாராளம். அட்டை மீது அச்சிட்டிருக்கும் வேகக் கணக்கைப் பார்த்தும் மயங்க வேண்டியதில்லை. வேகம் என்பது வீடியோ பிடிப்பவருக்குத்தான் முக்கியம்.

'ஹை எண்டியூரன்ஸ்' என்று எழுதிய கார்டுகள் உண்டு. காவல் காமிராவில் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதைத் தாங்கும் என்பது அதன் பொருள். எழுதாமல் பல வருஷம் சும்மா கிடந்தால் நினைவு நிற்குமா என்பது வேறு பரீட்சை. தொழிற்சாலை உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட எஸ்.எல்.சி. கார்டு கிடைத்தால், விலை பல மடங்கானாலும், அதுவே உத்தமம். கிடைக்காதவர்கள் பெயர் பெற்ற கம்பெனியின் சிறிய கார்டுகளை, இரண்டு வேறு கம்பெனிகளிலிருந்து, வெவ்வேறு நாளில் வாங்கலாம். ஒரே பெட்டியில் வந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே வியாதி வருவதுண்டு.

போலிக் கார்டு என்று ஒரு தொல்லை இருக்கிறது. உள்ளே 8 ஜி.பி. இடமே இருக்கும், ஆனால் 128 ஜி.பி. என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பார்கள். நிஜ எல்லை தாண்டியதும் புதிதாக எழுதியவை மாயமாக மறையும், அல்லது பழையதன் மேலேயே பதியும். இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ, எப்3 என்ற இலவசச் சோதனைப் புரோகிராம்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதி, முழுவதும் படித்துப் பார்த்து, அளவு நிஜந்தானா என்று அவை சொல்லிவிடும். புதுக் கார்டில் சாவியை ஏற்றுமுன் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். சாவி ஏறிய பிறகு அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரிலோ கைப்பேசியிலோ சொருகவே கூடாது.

பூட்டிய கார்டும் திறந்த கார்டும்

வாங்கியவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு விஷயம் உண்டு. எல்லாப் பெட்டிகளும் கார்டை ஒரே விதமாக உபயோகிப்பதில்லை.

கோல்டுகார்டு தன் பிரதியைச் சங்கேதத்தில் பூட்டி எழுதுகிறது. அதைத் திறக்கத் தனியாக 12 சொற்கள் கொண்ட கடவுச் சொல் தருகிறது. கார்டு திருட்டுப் போனாலும் திருடனுக்குப் பயனில்லை. ஆனால் அந்தக் கடவுச் சொல்லை இழந்தால் சொந்தக்காரருக்கும் பயனில்லை. பிட்பாக்ஸ் எழுதும் பிரதிக்குப் பூட்டு இல்லை. கடவுச் சொல் மறக்கும் அபாயமும் இல்லை; ஆனால் கார்டை எடுத்தவன் சொத்தையே எடுத்தவன் ஆகிறான். அதைத் தங்கச் சங்கிலிபோல் காக்க வேண்டும். டிரெசர் மாடல் டி-யில் கார்டு சொருக இடம் உண்டு. ஆனால் அது பின் நம்பருக்கு மேலும் ஒரு காவல் போடுவதற்கே. அதைப் பிரதி என்று நினைத்தால் மோசம்.

பூட்டின் இரு முனையும் கூர் என்பதற்கு அமெரிக்காவில் வசித்த ஸ்டெபன் தாமஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணரின் கதை சாட்சி. 7,002 பிட்காயின்களின் சாவியைத் தானே பூட்டிக்கொள்ளும் ஒரு நினைவுச் சாதனத்தில் வைத்தார். கடவுச் சொல் எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது. பத்து முறை தவறினால் அந்தச் சாதனம் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். எட்டு முறை தவறிவிட்டதாக 2021-ல் உலகப் பத்திரிகைகள் எழுதின. பிரிட்டனில் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹௌவெல்ஸ் கதை வேறு. சாவி இருந்த அவருடைய ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பையோடு குப்பையாகப் போயிற்று. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் போராடினார். அவருடைய வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இருவருக்கும் சாமர்த்தியத்தில் குறைவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் நல்ல பிரதி ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

கடற்கரை வீட்டின் சங்கடம்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரமாக வசிப்பவர்களுக்கு உப்புக் காற்றின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி துரு ஏறுகிறது. மின்விசிறி மூடி பொரிந்து போகிறது. சைக்கிள் சங்கிலி இறுகிவிடுகிறது. உப்புத் துகள் எங்கே படிகிறதோ அங்கே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்டின் பின்புறம் மின்னும் தொடுமுனைகளுக்குத் தங்க முலாம் பூசியிருந்தாலும், முலாம் தேய்ந்த இடத்தில் அரிப்பு நுழையும்.

ஆகவே கார்டை அதன் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைப்பது நலம். பொட்டலத்தை ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், மாற்றிவிடலாம். சமையலறைப் பரண், ஓட்டு வீட்டின் மேல்தட்டு, வெயிலில் நிறுத்தும் கார் ஆகியவை கார்டுக்கு ஆகாத இடங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறைதான் ஏற்றது.

இவ்வளவு செய்தும் கார்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அந்த 12 அல்லது 24 சொற்களை எவர்சில்வர் தகட்டில் பொறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு தீப்பற்றினால் காகிதம் சாம்பலாகும், கார்டு உருகும், அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எவர்சில்வர் ஏறக்குறைய 1,400 டிகிரி வரை தாங்கும். கடலோரத்தில் மாலிப்டினம் கலந்த 316 தரம் உப்புக்கு ஈடு கொடுக்கும். பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்தே போதும். அதற்குமேல் குழப்பம் வராதபடி பட்டியலை அமைத்திருக்கிறார்கள்.

பாத்திரக் கடையில் குடத்துக்கும் தட்டுக்கும் பெயர் வெட்டிக் கொடுக்கிறார்களே, அங்கேயே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது! வெட்டுபவர் எவ்வளவு நல்லவரானாலும், அந்தச் சொற்களைப் பார்த்த கண்கள் இரண்டு அதிகமாகிவிட்டன. எழுத்து அச்சும் சுத்தியலும் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, தானே அடிப்பதுதான் முறை. கைப்பேசியில் படம் எடுப்பதும், ஈமெயிலில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும் அதே தவறுதான். கம்பெனியிலிருந்து பேசுகிறேன், சொற்களைச் சொல்லுங்கள் என்று எவர் கேட்டாலும் அவர் திருடரே.

சாளுவன்குப்பம் சொல்லும் பாடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. உல்லாசப் பயணம் வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். ராஜசிம்ம பல்லவன் காலத்து வடமொழிக் கல்வெட்டு அங்கே இரண்டு சுவர்களில் இருக்கிறது. விசேஷம் என்னவென்றால், ஒரு பக்கத்தில் கிரந்த எழுத்து. மறு பக்கத்தில் நாகரி எழுத்து. ஏறக்குறைய அதே செய்யுட்களே இரண்டிலும். ஓர் எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போனாலும் மற்றதைப் படிக்கலாம். ஒரு சுவர் பொரிந்தாலும் மற்றச் சுவர் நிற்கும். கருங்கல்லே ஆனாலும் ஒரே பிரதியோடு விட்டுவிடவில்லை.

அதே ஊரில் இன்னொரு செய்தி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போனபின், மணல் விலகிய பாறைகளில் கல்வெட்டுகள் தெரிந்தன. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. கோயிலோ கண்ணில் படவில்லை. அந்த எழுத்தைத் துப்பாகக் கொண்டு 2005-ல் தொல்பொருள் துறையினர் தோண்டியபோது மணலுக்கடியில் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டடத்தின் அடியில் அதனினும் பழமையான செங்கல் கோயிலும் இருந்தது. கோயில் அத்தனை காலமும் அங்கேயேதான் இருந்தது. இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பாறையில் எழுதி வைத்திருந்ததால்தான் தோண்ட வேண்டிய இடம் தெரிந்தது.

கிரிப்டோ சொத்து வைத்திருக்கும் குடும்பத் தலைவருக்கு இந்த இரண்டும் போதுமான பாடம். முதலாவது, இரண்டு வித எழுத்து: ஒன்று கார்டு, மற்றது தகடு. இரண்டுக்கும் வேறு வேறு எதிரி. கார்டைக் காலமும் வெப்பமும் அழிக்கும். தகட்டை அவை தொடா. நாளைக்குக் கார்டு சொருகும் துவாரமே கம்ப்யூட்டர்களில் இல்லாமற் போகலாம். பிளாப்பி டிஸ்க் என்று ஒன்று இருந்ததை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். தகட்டைப் படிக்கவோ கண் இருந்தால் போதும். இடமும் இரண்டாக இருக்கட்டும். மாமல்லபுரத்தில் வீடு உள்ளவர், சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, செங்கற்பட்டில் நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ பாங்கு லாக்கரிலோ ஒரு பிரதியை, முத்திரையிட்ட உறையில் வைக்கலாம். ஒரே அலை இரண்டையும் தொடாது.

இருபத்து நான்கு சொற்களைப் பாதி பாதியாக வெட்டி இரண்டு இடத்தில் வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். அப்படிச் செய்தால் எந்தப் பாதி போனாலும் முழுவதும் போய்விடும். பிரித்தே வைக்க வேண்டுமானால், மூன்று பங்கில் எந்த இரண்டு கிடைத்தாலும் போதும் என்ற முறை இருக்கிறது. ஆடி ஷமிர் என்ற கணித நிபுணர் 1979-ல் வெளியிட்டது. டிரெசர் போன்ற சில பெட்டிகளில் அதைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது பாடம், பாறையில் எழுதிய துப்பு. கணவன் வைத்திருக்கும் சொத்து மனைவிக்குத் தெரியாது; மகன் வாங்கியது தாய் தகப்பனுக்குத் தெரியாது. வைத்திருந்தவர் ஒரு நாள் திடீரென்று கண்ணை மூடிவிட்டால், நகத்தளவு கார்டைப் பழைய போட்டோ கார்டு என்று எண்ணிப் பேரன் விளையாட எடுத்துக்கொள்வான்; தகட்டை ஈயம் பித்தளைக்காரர் எடைக்கு எடுத்துப் போவார். உயிலில் அந்த இரகசியச் சொற்களை எழுதக் கூடாது. பலர் கை மாறும் காகிதம் அது. 'இன்ன சொத்து இருக்கிறது. அதன் சாவி இன்ன இடத்தில், இன்ன உறையில் இருக்கிறது. திறக்குமுன் விஷயம் தெரிந்த இன்னாரை அருகில் வைத்துக்கொள்ளவும்' என்ற மூன்று வாக்கியம் போதும்.

கடைசியாக ஒரு காரியம். பிரதி எடுத்ததோடு திருப்தி அடையாமல், அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சிறு தொகையை மட்டும் பெட்டியில் ஏற்றி, பிறகு பெட்டியை அழித்துவிட்டு, கார்டிலிருந்து ஒரு முறையும் தகட்டிலிருந்து ஒரு முறையும் மீட்டுப் பார்க்கலாம். இரண்டும் சரியாக வந்தால் பெருந்தொகையை ஏற்றலாம். அதன்பின் ஆறு மாதத்துக்கொரு முறை கார்டு படிக்கிறதா என்று பெட்டியிலேயே சரிபார்க்க வேண்டும். நான்கைந்து வருஷத்துக்கொரு முறை புதுக் கார்டில் பிரதி எடுத்துவிட்டு, பழையதைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். ஆயுத பூஜையன்று கருவிகளையெல்லாம் துடைத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த நாளையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறந்து போகாது.